அக்காள் டிவியில் அமலான கொள்கை

தொண்ணூற்று நான்கில் கனகசுந்தரம் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பினாங்குக்கு ஒரு கழகம் கிடைத்தது: பழைய வீடியோ விளையாட்டுப் பாதுகாப்புக் கழகம். தலைவர் அவரே. செயலாளர் சிக்கந்தர். உறுப்பினர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தலைவருக்கு ஒரு கொள்கை உண்டு. பழைய ஜப்பான் கேம் பெட்டியை ஏரியல் துளையில் செருகி விளையாடுவது பெரும் பாவம். டிவியைத் திறந்து, படத்தை நேராக உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நிறம் நிறமாக இருக்கும். அவர் வீட்டு டிவி புதியது. திறந்தால் கேரண்டி போய்விடும். ஆகவே கொள்கை, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் தனியாக வசித்த அக்காள் யோகம்மாவின் பழைய டிவியில் அமலுக்கு வந்தது.

"படம் கண்ணாடி மாதிரி வரும்க்கா" என்று தூக்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் படம்தான் யோகம்மா வீட்டின் ஒரே பேச்சுத்துணை. சனிக்கிழமைகள் ஊமையாகக் கழிந்தன. பொறுமை தீர்ந்ததும் பக்கத்து வீட்டு ஜெயராஜின் வேனில் ஏறி, ஃபெர்ரியில் கடலைத் தாண்டித் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார்.

அன்று பார்த்துக் கழகத்தின் முதல் செயல்விளக்கம். சிக்கந்தர் இரண்டு விருந்தாளிகளைப் பிடித்து வந்திருந்தார். யோகம்மாவின் டிவியில் ஒரு குட்டி விமானம் பளிச்சென்று சுட்டுக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. சரி, சேனலப் போடு."

"அது வராதுக்கா. டியூனரக் கழட்டிட்டேன்."

"என்னத்தக் கழட்டின?"

"சேனல் புடிக்கிற பாகம். அதுதான் நிறத்தக் கெடுக்குது." விருந்தாளிகள் கவனிப்பதைக் கண்டு தலைவரின் குரல் உயர்ந்தது. "சேனல்ல வர்ற படமே குப்பை! அதப் பாக்குற டிவி இந்த வீட்டுல இருக்கறதே எனக்கு வெக்கம்!"

"திருப்பி மாட்டிக் குடு."

"சோல்டர் சூட்டுல போயிருச்சு. தூக்கிப் போட்டாச்சுலா."

"என் டிவியோட குடல உருவிட்டு எனக்கே பாடம் நடத்துறியா? வேலையோட சேத்து மூளைக்கும் பென்ஷன் குடுத்துட்டாங்களா?"

ஒரு விருந்தாளி சிரிப்பை இருமலாக்கினார். மூலையில் லேஸ் துணி போர்த்திய புது டிவியை யோகம்மா பார்த்தார்.

"ஜெயராஜு, அதத் தூக்கு."

"அக்கா! அது என் டிவி!"

"வெக்கம்னியே. ஒன் வெக்கத்த நான் கொண்டு போறேன்."

கனகசுந்தரம் சிக்கந்தரைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார். வாயிலிருந்து வந்த கொள்கையின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"கொண்டு போங்க" என்றார்.

"ரிமோட்டு?"

அதையும் கொடுத்தார்.

அடுக்களையிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி தவமணி, டிவி வாசலைத் தாண்டுவதைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"மச்சாள், இன்னைக்கு என்ன படம்?"

"வந்து பாரு."

"ஏய், எங்க போற? விருந்தாளிங்க இருக்காங்க!" என்று கத்தினார் தலைவர்.

"தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்" என்றார் தவமணி, திரும்பாமலே. "அந்த பிளேனுக்கும் ஒரு கப்பு குடுங்க."