நாலடி அகலம்

"அம்மா, கடப்பாரை இறங்க மாட்டேங்குது. இங்க வந்து ஒரு தடவை பாருங்க."

குழிவெட்டி லெஃப்டெரிஸ் கூப்பிட்டபோது, எவாந்தியா மகன் ஃபோட்டிஸின் கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெட்டும் குழி அவள் கணவர் பெரிக்லிஸுக்கு. மூன்று மணிக்கு அடக்கம்.

குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அடிப்பாறையில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. அது அப்படியே மகனின் கல்லறைக்கு அடியில் போயிற்று.

"அகலம் எவ்வளவு இருக்கும்?"

"நாலடி இருக்கும்மா."

ஒரு திராட்சைத் தோட்டத்தின் இரண்டாயிரம் வருஷத்துக் குத்தகைக் கல்வெட்டு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கணவருக்கு எத்தனை நகல் எழுதிக் கொடுத்திருப்பாள்! கடலைப் பார்த்த சரிவு, வடக்கே ஊற்று, திராட்சைக் கொடிக்கு நாலடி வாய்க்கால். அந்தத் தோட்டத்தைத் தேடித்தான் பெரிக்லிஸ் முப்பத்தொரு வருஷம் தீவின் ஒவ்வொரு சரிவையும் அளந்தார். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கே அடங்குகிறது என்று வீடு கொள்ளாமல் வரைபடம் போட்டார். இங்கே மட்டும் வரவில்லை. பிள்ளையைப் புதைத்த அன்றுகூட எதிர்மலையில் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்த மனுஷன். ஒரே ஒரு சனிக்கிழமை விளக்கேற்ற வந்திருக்கலாமே, பாவி.

"தொல்பொருள் இலாகாவுக்குச் சொல்லணுமில்ல?" என்றான் லெஃப்டெரிஸ்.

"சொன்னா?"

"வேலி போட்டுடுவாங்க. இந்த வரிசையையே கிளப்பிடுவாங்க. ஃபோட்டிஸ் தம்பியையும் சேர்த்துத்தான்."

"அப்போ மண்ணைப் போட்டு மூடு. அவரை மேலாப்புல வச்சாப் போதும்."

"ஐயா ஆயுசு பூரா தேடினதும்மா..."

"தேடினாரு. நான் பெத்ததைத் தோண்ட விட மாட்டேன். வாயை மூடிக்கிட்டு மண்ணைப் போடுடா."

மூன்று மணிக்குப் பாதிரியார் பெட்டியின் மேல் சிலுவைக்குறியாக எண்ணெயும் மதுவும் ஊற்றினார். கடையில் வாங்கிய மது. படகு பிடித்து வந்திருந்த ஆந்தோனிஸ், பெரிக்லிஸோடு இருபது வருஷம் மலை ஏறியவன், தேம்பித் தேம்பி அழுதான்.

"இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு, அக்கா."

"ஆமா, கண்டுபிடிச்சுக் கிழிச்சிருப்பாரு."

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். பிறகு, பேச்சை மாற்றுகிறவன்போல, "ஃபோட்டிஸுக்கும் ஒண்ணு ஏத்துறேன்" என்று மெழுகுவர்த்தியோடு நகர்ந்தான்.

மகனின் கல்லறைக் கால்மாட்டில் மழை மண்ணை அரித்திருந்தது. பாறையில் வெட்டிய அந்த வாய்க்காலின் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. மழைத்தண்ணீர் ஓடிய தடம் என்றுதான் இத்தனை வருஷம் அவளும் நினைத்திருந்தாள்.

"குடு, நானே வைக்கிறேன்."

அவன் கையிலிருந்து மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டாள். மறு கையால் பூந்தொட்டியை இழுத்து அந்த விளிம்பின் மேல் வைத்தாள். தொட்டி ஆடிற்று. ஆட்டம் நிற்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே குனிந்திருந்தாள்.