பின்வளவுக் கொட்டிலின் கதவு

வீட்டையும் தண்ணீரையும் சூடாக்குகிற காஸ் பொயிலர் மறுபடியும் அணைந்துவிட்டது என்பது, தலையில் கொட்டிய பச்சைத்தண்ணீரில்தான் கனகாம்பிகைக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சவர்க்கார நுரையைக் கழுவி முடித்தாள். துவாயைத் தலையில் சுற்றியபடி குசினிக்குள் வந்து, பொயிலரின் கீழ்மூடியைக் கழற்றிவிட்டு, பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். பைலட் என்கிற அந்தச் சின்னச் சுடர் பற்றியது. விரலை எடுத்தாள், செத்தது. மீண்டும் அமுக்கினாள். மீண்டும் செத்தது. வெளியே, லண்டனின் வால்தம்ஸ்டோ முழுவதும் பனி கொட்டிக்கிடந்தது. மேசையில் மகள் சுபா, பாண் துண்டைக் கையில் வைத்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

வீட்டுச் சொந்தக்காரர் பரமேஸ்வரனிடம் அவள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அவரும் வராமல் விடவில்லை. ஒவ்வொரு முறையும் கோபாலன் என்ற மலேசியாக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவார். கோபாலன் தொழில் தெரிந்த மனிதர். சுடரின் சூட்டை உணர்ந்து காஸைத் திறந்து வைத்திருக்கிற செப்புக்கம்பியை மாற்றினார்; பைலட் துவாரத்தை ஊதித் துப்புரவாக்கினார். அவர் கை வைத்தால் பொயிலர் சமத்தாக எரியும். அவர்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை எரியும். அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் அணைந்துவிடும்.

"உமக்குப் பத்த வைக்கத் தெரியேல்லை, தங்கச்சி. விரலைக் கெதியா எடுக்கிறீர்" என்று பரமேஸ்வரன் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளை உறுத்தியது. கணவன் இராஜேந்திரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அகதியாக வந்து இறங்கியவனை ஹீத்ரோவிலிருந்து கூட்டிவந்தவர் பரமேஸ்வரன். வழக்கறிஞரிடம் கொண்டுபோனவரும், பெற்றோல் நிலையத்தில் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் பேசும்போது இராஜேந்திரனின் தலை தானாகவே ஆடும். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து கனகாம்பிகை அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி ஒருவரிடமும் கேட்பதில்லை, ஏன் அணைகிறது என்று தானே பார்ப்பது என்று அன்று முடிவெடுத்தாள்.

பொயிலரின் முகப்பில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. கதிரையைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் சுடர் நீலமாக, நிமிர்ந்து நின்றது. நேரம் போகப் போக அதன் நுனி மஞ்சளானது. பிறகு எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் அலைந்தது, துவாரத்தை விட்டு மேலே எழும்பியது, போய்விட்டது. காஸ் இருந்தது, பொறி இருந்தது, புதுக்கம்பியும் இருந்தது. பிறகென்ன குறை? மூச்சுத் திணறுகிற ஆளைப் பார்த்ததுபோல அவளுக்குப் பட்டது. அந்த எண்ணம் வந்ததும் எழுந்து பின்வளவுக்குப் போனாள்.

பின்சுவரை ஒட்டிப் பரமேஸ்வரன் போன கோடையில் ஒரு கொட்டில் இறக்கியிருந்தார். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்த தன் கடையில் இடம் போதாமல் அரிசி மூட்டைகளை இங்கே அடுக்கியிருந்தார். பிளாஸ்டிக் தகட்டுக் கூரை, பலகைச் சுவர், ஒரு கதவு. பொயிலர் காற்றை உள்ளே இழுப்பதும் புகையை வெளியே விடுவதுமான இரும்புக்கூடு, மூட்டைகளுக்கு மேலே, அந்தக் கொட்டிலுக்குள்ளேயேதான் நீட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது ஈரச்சூடு முகத்தில் அடித்தது. தன் புகையைத் தானே திரும்பத் திரும்பக் குடித்துத்தான் பொயிலர் சாகிறது. பரமேஸ்வரன் கோபாலனோடு வரும்போதெல்லாம் மூட்டை எடுக்கக் கொட்டிலைத் திறந்து வைத்திருப்பார். அதனால்தான் கோபாலனின் கைக்கு மட்டும் எரிந்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்தாள். குசினி ஜன்னலும் இதே கொட்டிலுக்குள்தான் திறந்தது. பாத்திரம் கழுவும்போது தனக்கு வருகிற தலையிடி, மேசையிலே தூங்கிவிழும் சுபா. இந்தப் புகைதான் ஜன்னலால் உள்ளே வந்திருக்கிறது. ஓடிப்போய் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டைகொடுத்துத் திறந்து வைத்தாள். பொயிலர் இரவு பகல் அணையாமல் எரிந்தது. விஷயத்தைப் பரமேஸ்வரனுக்குப் போனில் விளக்கமாகச் சொன்னாள். கதவு திறந்து கிடந்தால் நரி வந்து மூட்டையைக் கிழிக்கும் என்றார் அவர். அடுத்த நாள் அவள் சுபாவை நேர்சரிக்குக் கூட்டிப்போயிருந்த நேரத்தில் வந்து, செங்கல்லை எறிந்துவிட்டு, கதவுக்கு ஆமைப்பூட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது.

"அவரோடை சண்டை கொழுவாதையும். நாளைக்கு அவரின்ரை முகத்திலை முழிக்கவேணும்" என்றான் இராஜேந்திரன்.

அவள் குசினி மேசை லாச்சியிலிருந்து ஸ்குரூட்ரைவரை எடுத்தாள். பூட்டு ஒரு பக்கம் இருந்தால் கதவைத் தாங்குகிற பிணைச்சல் மறுபக்கம் இருக்கத்தானே வேண்டும்? துருப்பிடித்த திருகாணிகள் இலேசில் அசையவில்லை, உள்ளங்கை கொப்பளித்தது. கதவு சரிந்து பனியில் விழுந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். மூட்டைகளை ஈரம் படாமல் படங்கு போட்டு மூடிவிட்டு, உள்ளே போய்ப் பைலட்டைப் பற்றவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பரமேஸ்வரன் கோபாலனோடு வந்தார். பனியில் கிடந்த கதவைச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்தார். பிறகு, இதை யார் செய்தது என்று இராஜேந்திரனைக் கேட்டார்.

"நான்தான் கழட்டினனான், அண்ணை" என்றாள் கனகாம்பிகை.

"என்ரை வீட்டிலை இருந்துகொண்டு என்ரை கதவைக் கழட்டுவீரோ?"

"வீடு உங்கடைதான். பிள்ளையின்ரை மூச்சு எங்கடை."

கோபாலன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். இரும்புக்கூட்டின் மேல் சுவரில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டார். இத்தனை நாளும் அவர் குசினிப் பக்கமாகவே வந்து போனவர். "அவங்க சொல்றது சரிதாங்க. இதைப் பார்க்காம விட்டது என் தப்பு. இனி இந்தக் கொட்டில் இங்க இருக்கக்கூடாது" என்றார். பரமேஸ்வரன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாத முடிவோடு வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்.

"போறம்" என்றாள் கனகாம்பிகை. "ஆனா நாங்கள் இருக்குமட்டும் இந்தக் கதவு ஏறாது. எங்களுக்குப் பிறகு வாற சனத்துக்கும் ஏன் ஏறக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் போவன். கவுன்சிலுக்கும் சொல்லுவன்."

பரமேஸ்வரன் அவளை விட்டுவிட்டு இராஜேந்திரன் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் தணிந்து, பழைய உரிமையோடு வந்தது.

"தம்பி, கதவைத் தூக்கிக் கொழுவும்."

இராஜேந்திரன் குனிந்தான். கனகாம்பிகை கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்குரூட்ரைவர் எட்டிய தூரத்தில், லாச்சியில்தான் இருந்தது. எத்தனை தரம் கொழுவினாலும் அத்தனை தரமும் கழற்றுவது என்று நினைத்துக்கொண்டாள். அவன் பனியை உதறிக் கதவைத் தோளில் ஏற்றினான். பாரம் அவனை ஒருபக்கம் சரித்தது. ஒரு கணம் நின்றான். பிறகு கொட்டிலைக் கடந்து, பனியில் கணுக்கால் புதையப் புதைய, வளவின் கோடிவரை நடந்துபோய், வேலியோடு கதவைச் சாத்திவைத்தான். திரும்பி வராமல் அங்கேயே, கைகளை உரசிக்கொண்டு நின்றான்.

உள்ளே பொயிலர் 'வுஃப்' என்று பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. இரும்புக்கூட்டிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்து, கதவில்லாத வாசலால் வெளியேறி, பரமேஸ்வரனின் கோட்டுத் தோளைத் தொட்டுக்கொண்டு போய், வேலிக்கு மேலே வெளித்த காற்றில் கலைந்துகொண்டிருந்தது.