கொட்டகையில் ஒரு குவாட்டர்

புளி வியாபாரி முனிராஜுக்கு நான் தரவேண்டியது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். புளியமரம் ஏறி உலுக்கித் தருகிறேன் என்று வாங்கிய அட்வான்ஸ். அத்தனையும் குடித்தேன்.

குடியை விட்டு எழுபத்தோரு நாள் ஆனபிறகு ஏறினேன். பாதி மரத்தில் கை நடுங்கிக் கண் இருட்டியது. கிளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆள் ஏறித்தான் இறக்கினார்கள்.

"குடிய வுட்டா சரியாப் போயிரும்னு நெனச்சனுங்க" என்றேன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம்.

"நடுக்கம், தூக்கம் வராதது எல்லாம் மாசக்கணக்குல வந்து வந்து போகும். பயந்துட்டு மறுபடி குடிச்சிராதீங்க."

முனிராஜ் என்னைப் பாப்பாரப்பட்டியில் இருந்த தன் கொட்டகையில் பெண்களோடு புளி தட்டிக் கொட்டை எடுக்க உட்கார வைத்தார். அந்தக் கூலியைக் கடனில் கழித்துக்கொண்டார். தட்டுவது புளியை, படுவது விரலில்.

"ஏன் மாமா, சுத்தி புடிக்கிறியா, உடுக்கை அடிக்கிறியா?" என்பாள் பக்கத்துக் கல்லில் இருக்கும் செல்லி. எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்து ஊற்றும். தட்டிய கிலோக் கணக்கு மறந்துபோகும். அதையும் செல்லிதான் சொல்லுவாள்.

மரம் ஏறுகிறவர்களுக்குச் சாயங்காலம் கூலியோடு ஒரு குவாட்டர் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் மூடி திருகும் சத்தம் கேட்கும்போது கல்லை விட்டுத் தலை தூக்கமாட்டேன்.

நூற்று நாற்பது ரூபாய் பாக்கி இருந்த அன்றைக்கு முனிராஜ் என் பக்கத்தில் வந்து குந்தினார். கையில் ஒரு குவாட்டர்.

"பொம்பளைங்களோட உக்கார வெச்சு, இதுவும் தராம இருந்தது மனசுக்குச் சங்கடமா இருக்குண்ணே. உன்ன மதிக்கலைன்னு நெனச்சிக்காத. இந்தா."

வாங்கிவிட்டேன். பாட்டிலைப் பிடித்ததும் என் கை நடுங்கவில்லை. குடியை விட்டதிலிருந்து பார்க்காத நிதானம். அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

செல்லி தட்டுவதை நிறுத்திவிட்டாள். "மாமா" என்றாள். சிரிக்கவில்லை.

"இது என்ன வெலைங்க?" என்று கேட்டேன்.

"நூத்தி நாப்பது. அத எதுக்குக் கேக்கற?"

"இத நீங்களே வெச்சிக்கிட்டு என் பாக்கியக் கழிச்சிருங்க."

"அட, நான் ஆசையாக் குடுத்தா..." என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பாட்டிலைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டு கணக்கு நோட்டை விரித்தார்.

எனக்கு மறுபடியும் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் என் பேரின்மேல் ஒரு கோடு இழுத்தார்.