அண்ணனின் பை

சனிக்கிழமை காலை மலர்க்கொடி குளித்துவிட்டு ஈரத்தலையோடு கூடத்துக்கு வந்தபோது, அன்புமணி முதுகுப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்து அவள் அடுக்கியதெல்லாம் தரையில் கிடந்தது. சுருட்டி வைத்த சுடிதார்கள், ரப்பர் செருப்பு, நைலான் கயிறு, ஊக்கு டப்பா, நெற்றியில் மாட்டும் டார்ச். உள்ளாடைகளைத் தனியாக ஒரு துணிப்பையில் முடிந்திருந்தாள். அந்த முடிச்சையும் அவிழ்த்திருந்தான்.

"என்னண்ணே பண்ற?"

"செக் பண்றேன். தனியா ஊர் சுத்தப் போறவ என்னா எடுத்துக்கிட்டுப் போறான்னு பாக்க வாணாமா?"

மலர்க்கொடிக்கு இருபத்தொன்பது வயது. கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் லீவு வாங்கியிருந்தாள். குடகு மலையில், மடிகேரியில் ஒரு விடுதி. எட்டுப் பெண்கள் படுக்கும் அறையில் அவளுக்கு ஒரு கட்டில். சாயங்காலம் சிதம்பரத்தில் மைசூர் ரயில் ஏற வேண்டும், அங்கிருந்து பஸ்.

அன்புமணி வருடத்துக்கு மூன்று தடவை கூட்டாளிகளோடு கிளம்பிவிடுவான். ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பை கட்டியது மலர்க்கொடிதான். கோவாவில் விடுதி லாக்கருக்குப் பூட்டு இல்லாமல் செல்போனைப் பறிகொடுத்து வந்தான். அடுத்த பயணத்துக்கு நல்ல பூட்டாக வாங்கி வைத்தாள். மணாலியில் தடித்த துண்டு காயாமல் பையே நாறிப்போனது. மெல்லிய துண்டு மாற்றினாள். விடுதிப் போர்வை உடம்பை அரிக்கிறது என்றான். அம்மாவின் பழைய நூல் புடவையை மடித்து மூன்று பக்கம் தைத்து, உள்ளே நுழைந்து படுக்க உறை செய்து கொடுத்தாள். எங்கே, யாரோடு தங்குகிறாய் என்று அந்த வீட்டில் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தத் துண்டு, புடவை உறை, பூட்டு எல்லாம் இப்போது அவளுடைய சாமான்களோடு தரையில் கிடந்தன. அன்புமணி குனிந்து பூட்டை எடுத்தான்.

"எதுக்குடி பூட்டு? யாரு கூட படுக்கப் போற ரூமுக்கு?"

மலர்க்கொடி, வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா சின்னம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலை நிமிரவில்லை.

"ம்மா, இவன் கேக்கறது உன் காதுல உழுதா இல்லயா?"

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல மலரு. நாளைக்கு மாப்ள ஊட்டுல கேட்டா என்னா சொல்றது?"

அண்ணன் கேட்டதைவிட அதுதான் அவளைச் சுட்டது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கத் தொடங்கினாள். அன்புமணி பையைக் காலால் தன் பக்கம் இழுத்தான்.

"பை என்னுது. குடுக்க முடியாது. இப்ப எப்டி போறன்னு பாக்கறேன்."

மலர்க்கொடி எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். ஆணியில் தொங்கிய இரண்டு துணிக்கடைக் கட்டைப்பைகளை உருவி வந்தாள். தரையில் கிடந்ததை எல்லாம் மடிக்காமல், சுருட்டாமல் அப்படியே அள்ளித் திணித்தாள். அவன் கையிலிருந்த பூட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்டித்தாண்டா போவேன்" என்றாள். அண்ணனை அவள் 'டா' போட்டது அதுவே முதல் தடவை.

பஸ்ஸில் அழுகை வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியும் கட்டைப்பைகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள், "உடம்பு சரியில்லயாம்மா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னது அவளுக்கே கடுப்பாகக் கேட்டது.

சிதம்பரம் மேலவீதிக் கடையில் ஸ்கூல் பை மட்டும்தான் இருந்தது. இருப்பதில் பெரியதை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். பிளாட்பார பெஞ்சில் எல்லாவற்றையும் பரப்பினாள். பாதிதான் அடங்கும். நாலு சுடிதாரில் இரண்டு போதும், ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். தலையணை உறை வேண்டாம். பெரிய ஷாம்பு பாட்டில் வேண்டாம், இரண்டு பாக்கெட் போதும். துண்டு, பூட்டு, புடவை உறை, டார்ச், மாத்திரைகள் கட்டாயம். மிச்சத்தை ஒரு கட்டைப்பையில் போட்டு, பரிசோதனை நிலையத்துத் தோழியைக் கூப்பிட்டு வந்து எடுத்துப்போகச் சொல்லி முடித்ததும் செல் அடித்தது. அன்புமணி.

"எங்க இருக்க?"

"ஸ்டேஷன்ல."

"கோவத்துல எல்லாத்தயும் அள்ளிக்கிட்டுப் போயிட்டியே. அந்தப் பொடவ உறை, பூட்டு எல்லாம் அதுலதான இருந்திச்சி? வெள்ளிக்கெழம நாங்க வால்பாறை போறோம்ல. நான் எதுல படுக்கறது?"

மலர்க்கொடி பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள்.

"யாரு கூட படுக்கப் போறன்னு காலையில என்ன கேட்டல்ல? இப்ப நீ எதுல படுக்கறதுன்னு நான் சொல்லணுமா?"

"ஏய், கத்தாத..."

"கத்துவேன். எட்டு வருசமா உன் ஜட்டிய மடிச்சி வச்சவ நானு. ஒரு நாளு உன் பையக் கொட்டிப் பாத்திருக்கேனா? ஒரு வார்த்த அசிங்கமா கேட்டிருக்கேனா? இனிமே உன் பைய நான் தொட்டா ஏன்னு கேளு!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. செல்லை அணைத்துப் பைக்குள் போட்டாள். தோழி வந்து கட்டைப்பையை வாங்கிப் போனாள். ரயில் வந்ததும் யார் உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள்.

மடிகேரி குளிராக இருந்தது. அறையில் நாக்பூர் பெண் ஒருத்தி, கேரளத்திலிருந்து இரண்டு நர்சுகள். யாரும் யாரையும் ஏன் தனியாக வந்தாய் என்று கேட்கவில்லை. பகலெல்லாம் நடந்தாள், சாப்பிட்டாள், சிரித்தாள்கூட. ஆனால் பல் துலக்கும்போதோ டீ ஆற்றும்போதோ அண்ணனின் அந்தக் கேள்வி திடீரென்று நினைவுக்கு வந்து முகம் சூடாகும்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கூப்பிட்டாள்.

"காலையிலேந்து பை கட்டத் தெரியாம கத்திக்கிட்டுக் கெடக்கறான் மலரு. என்னக் கட்டித் தரச் சொன்னான். நீயே கட்டிக்கடா, பொண்ணு பையக் கொட்டத் தெரிஞ்சவனுக்கு தன் பையக் கட்டத் தெரியாதான்னுட்டேன்."

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இத சனிக்கெழமயே சொல்லியிருக்கலாமில்லம்மா. அவன் அப்டிக் கேட்டப்ப வாய மூடிக்கிட்டுக் கூடைய கழுவிக்கிட்டு இருந்தியே."

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"தப்புதான்."

"எனக்கு இன்னும் கோவம் போவலம்மா."

"வந்து திட்டு. எத்தினி நாளு வேணும்னாலும் திட்டு. நேரத்துக்குச் சாப்புடு."

அவள் செல்லை வைத்தாள். அருவிக்குப் போகலாமா என்று வாசலிலிருந்து நர்சுகளில் ஒருத்தி கேட்டாள். "வரேன், இருங்க" என்று சொல்லிவிட்டு, ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.