இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் ஓரிடம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இரண்டு ஸ்பீக்கர்களையும் முன்னறை மூலைகளில் ஒட்டி வைத்த அன்று, மாலைக்குள் பேஸ் என்னும் அடித்தொனி முழங்கால் அளவுக்குத் தேங்கிவிட்டது. சுவர்கள் சேரும் மூலையில் தாழ்ந்த ஒலி பெருகுவது எல்லா வீடுகளிலும் உள்ளதுதான். இங்கே கொஞ்சம் அதிகம். மனைவி அதை வாளியில் மொண்டு வெளியே ஊற்றினாள். தெரு இரண்டு நாள் உறுமிக்கொண்டிருந்தது.

அவள் ரயில் நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் அறிவிப்பு வாசித்தவள். தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு இல்லை. அவளுடைய பழைய ஒலிப்பதிவு ஒன்று கிடைத்ததால்தான் அவன் ஸ்பீக்கரே வாங்கினான். ஆனால் மூலையின் உறுமலும் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து அந்தக் குரலைக் குழப்பின. "இது நான் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் கேட்பேன்" என்று தாளில் எழுதி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

தொழில்புத்தி விடவில்லை, சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டினான். தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும். ஒலி அதைச் சட்டை செய்யாது. எதிரொலி அப்படியே இருந்தது, சற்றுக் கதகதப்பாக.

"ஏன் அத்தான், கெட்டுப்போகாம இருக்க அக்கா குரலை ஃப்ரிட்ஜுல வெச்சிட்டீங்களா?" என்றாள் அவர்களோடு இருக்கும் மனைவியின் தங்கை.

"வாயாடாம அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா."

முறை எளிது. அவன் நாற்காலியில் உட்கார, தங்கை அந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தினாள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அங்கெல்லாம் வீட்டிலிருந்த பஞ்சு மெத்தைகளைச் சாத்தினான். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்துக் காது உயரத்துக்கு ஏற்றினான். அவற்றுக்கு இடையே உள்ள தூரமே நாற்காலிக்கும் இருக்கும்படி கயிறு பிடித்து அளந்தான். விரற்கடை விரற்கடையாக நகர்த்தியதில் பதினொரு மாதம் போயிற்று. மூவரும் வெறுந்தரையில் படுத்தார்கள்.

பிறகு மனைவி அந்த ஒரு தடவைக்காக வந்து உட்கார்ந்தாள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களையும் விட்டு விலகி, நடுவே வெற்றிடத்தில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. சரியாக வைத்த எந்த ஜோடியும் இவ்வளவு செய்யும். கருவியை அணைத்த பின்னும் அது அங்கேயே நின்றது. அவள் எழுந்து போய் அதற்குள் நின்றுகொண்டாள்.

"ஏங்க," என்றாள். அவனுக்குக் கண் கலங்கியது. "முதல்ல வேற மெத்தை வாங்குங்க. முதுகு விட்டுப்போச்சு."

அன்றிலிருந்து பேச வேண்டியதை அங்கே நின்றே பேசுகிறாள். சமையலறையில் கோபம் வந்தால் முன்னறைவரை நடந்து வர வேண்டும். பாதி வழியிலேயே ஆறிவிடுகிறது என்கிறாள் தங்கை. போன மாதம் வெள்ளையடிக்க வந்தவர் ஏணியை எங்கே போடலாம் என்று மட்டும் கேட்டார். மனைவி அந்த இடத்தில் நின்று, ரெண்டடி தள்ளிப் போடச் சொன்னாள். தள்ளிப் போட்டார்.