ஒற்றைச் சத்தத்தில் அளந்தது

செப்டம்பர் 12, வியாழன். ஞாயிற்றுக்கிழமை நான் நடத்திய சோதனை தப்பு. ஒரே ஒரு சுருதியின் சத்தத்தை வைத்து இரண்டு கிட்டார் ஆம்ப்ளிஃபையரையும் சமப்படுத்தினேன். கிட்டார் ஒரே ஒரு சத்தம் போடுவதில்லை. இது எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டு இமாஸ் கரும்பலகையை மறுபடி பார்த்தாள். மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் வரைந்த கோடு அழிக்கப்படாமல் இருந்தது. இடது பக்கம் ஒரு மேடு, வலது பக்கம் மெல்ல ஓர் ஏற்றம். ஸ்பீக்கரின் தடை எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருக்காது, வால்வு ஆம்ப் அந்த மேடுபள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், டிரான்சிஸ்டர் ஆம்ப் அசைந்து கொடுக்காது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னபோதே அவளுக்குத் தன் தப்பு பிடிபட்டது. அவள் நடுவில் மட்டும் அளந்து சமம் என்று எழுதியிருந்தாள். அடியிலும் உச்சியிலும் வால்வு கூடுதலாகக் கத்தியிருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கத்துவதைத்தான் எந்தக் காதும் 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லும்.

ஜாவாவில் உஜுங்பெருங் பகுதியில் அவர்களுடைய இசைக்குழுவில் இரண்டு கிட்டார்கள். ஒன்று தாதாங்குடையது, ஒன்று அவளுடையது. இருவரிடமும் எந்த ஆம்ப்பின் குரலையும் கணக்குப் போட்டுப் பாவனை செய்யும் டிஜிட்டல் பெட்டி இருந்தது. ஆனால் அந்தக் குரலை மேடையில் ஸ்பீக்கருக்குத் தள்ள ஒரு பவர் ஆம்ப் வேண்டும். அடுத்த வாரம் ஜாவா முழுக்க ஊர் ஊராக வாசிக்கப் போகிறார்கள், வண்டியில் ஒன்றுக்குத்தான் இடம். தாதாங்கின் வால்வு ஆம்ப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அதில் ஒரு கிட்டாரைத்தான் சொருகலாம். இமாஸின் புது டிரான்சிஸ்டர் ஆம்ப் சாப்பாட்டு டப்பா அளவுதான், ஆனால் இரண்டு கிட்டாருக்கும் வழி உண்டு. வண்டியில் வால்வு ஏறினால் இமாஸின் கிட்டார், இதுவரை போலவே, அரங்கத்துக்காரர்கள் வைக்கும் பெட்டிகளின் தயவில். ஒரு வருடமாக அவள் தன் சத்தம் தனக்கே கேட்காமல் விரல்களைப் பார்த்துத்தான் மேடையில் வாசித்துவருகிறாள்.

தனக்கு எது வேண்டும் என்று தெரிந்ததால்தான் அவள் தன்னையே நம்பவில்லை. சோதனையன்று ஆம்ப்புகளுக்கு முன்னால் ஒரு சரோங் கைலியைத் தொங்கவிட்டாள். டிரம்ஸ் வாசிக்கும் குகுமைத் திரும்பி உட்காரச் சொல்லி, எது முதலில் என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தாள். குகுமின் காதுக்கு வால்வு ஜெயித்தது. முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு முடிவை அவளே அறிவித்தாள். இப்போது தப்பு கண்டுபிடித்தாயிற்று, அதுவும் தனக்குச் சாதகமான தப்பு. சொன்னால் யார் நம்புவார்கள்? ஆங்கோட் என்ற ஷேர் வேனில் ஸ்டுடியோவுக்குப் போகும்போது, சொல்லாமல் விட்டால்தான் நேர்மையோ என்றுகூட ஒரு நிறுத்தம் வரை யோசித்தாள்.

ஸ்டுடியோவில் குகும் பாலா-பாலா பஜ்ஜியைப் பச்சைமிளகாயோடு கடித்துக்கொண்டிருந்தான். தாதாங் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தான். இமாஸுக்கு அவன் அண்ணன் முறையில் 'கங்', அவனுக்கு அவள் தங்கை முறையில் 'நெங்'.

"கங், ஞாயித்துக்கிழமை சோதனை செல்லாது."

"ஏன் நெங், நடுவருக்கு மனசு மாறிடுச்சா?" தாதாங் நிமிரவில்லை.

"தோத்த கட்சி மறுபடி ஓட்டு எண்ணச் சொல்லுது," என்றான் குகும்.

இமாஸ் கோட்டை வரைந்து காட்டினாள். தாதாங் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்ப நான் ஜெயிச்சது கள்ள ஓட்டுங்குற."

"நான் அளந்தது தப்புங்குறேன். சின்னப் பெட்டிதான் போகணும்னு எனக்கு ஆசை இருக்குறதும் நெசம். ரெண்டையும் சேத்தே சொல்லிடுறேன், கங்."

"இவள யாரு படிக்க அனுப்புனது?" என்று குகும் கையைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

இந்த முறை அடியும் உச்சியும் கலந்த மழை இரைச்சல் போன்ற ஒன்றை இரண்டிலும் ஓடவிட்டுச் சமப்படுத்தினாள். தாதாங் வாசித்தான். அவள் மாற்றி மாற்றிச் சொருகினாள்.

"இது வால்வு. இல்ல, போனதுதான் வால்வு." குகும் தலையைச் சொறிந்தான். "யோவ், ஒரே ஆம்ப்ப வச்சே ஏமாத்துறீங்களா?"

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது," என்றான் தாதாங். "வால்வுல தந்தி விரலுக்கு வளைஞ்சு குடுக்குது. இதுல முறைக்குது."

இமாஸ் மறுக்கவில்லை. அவள் காதுகளைத்தான் சோதித்தாள், வாசிக்கிற கையை அளக்க அவளிடம் எதுவும் இல்லை. அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பழக்கமாகவும் இருக்கலாம்.

"உன் சின்னப் பெட்டியில ரெண்டு வழி இருக்குல்ல," என்றான் அவன். "நீயும் சொருகு. மூணாவது பாட்டு. பாத்துருவோம்."

இரண்டாவது ஸ்பீக்கரை அவள் பக்கம் நகர்த்தினார்கள். பாட்டின் நடுவில் தாதாங் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"நெங், இப்ப என்ன வாசிச்ச?"

"எப்பவும் வாசிக்கிறதுதான்."

"எப்பவுமா?"

"போன வருஷம் சேந்ததுலேருந்து. தப்பா, கங்?"

அவன் தன் பகுதியைத் தனியாக, மெதுவாக வாசித்து, ஒரு சுரத்தில் நின்றான். "இந்த எடத்துல நீ எனக்குக் கீழ போறன்னே நெனச்சுட்டிருந்தேன். மேலல்ல போற."

"எனக்கு டிரம்முக்குப் பின்னாடி அது நல்லாவே கேக்கும்," என்றான் குகும். "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதுன்னுல்ல நெனச்சேன்."

தாதாங்கின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பிடித்திருக்கிறதா, கோபமா? வண்டியில் எது ஏறும் என்று யாரும் பேசவில்லை. அவன் முக்காலியை இழுத்துக்கொண்டுவந்து அவளுக்கு நேர் எதிரே போட்டான். முழங்கால்கள் இடிக்கிற தூரம். குனிந்து அவளுடைய இடது கையையே பார்த்தபடி சொன்னான்:

"மறுபடி. மெதுவா."

திரும்பும் வழியில், குலுங்கும் ஆங்கோட்டில், அவள் கோணலான எழுத்தில் எழுதினாள்:

நாளை: மூன்றாம் பாட்டின் நடுப்பகுதி, தாதாங் கங்குடன், பாதி வேகத்தில். அதற்கு முன் இரண்டாவது ஸ்பீக்கர் ஒயரின் தளர்ந்த முனையை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.