கோட்டுக்குள் ஒரு ஸ்விஸ் துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் நோயாளிகள் இருக்க மாட்டார்கள். நடுவில் மேசையைப் போட்டு மூன்று பேர் பகடை உருட்டிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை விதிப் புத்தகமும் பகடையும் தீர்மானிக்கும். ஆட்டத்தை நடத்துபவர் டாக்டர்தான். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் குறடு. ஆடுபவர்கள் இரண்டு பேர்: கரண்ட் என்று அழைக்கப்பட்ட எலக்ட்ரீஷியனும், குறடின் சொந்த அக்காவான தையல்காரியும்.

அக்காவுக்கு வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, பயிற்சியும் முடித்தாயிற்று. ஆனாலும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க மனசு வரவில்லை. கடை ஷட்டர் இறங்கியே கிடந்தது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டாமென்றுதான் தம்பி அவளை ஆட்டத்துக்கு இழுத்து வந்திருந்தான்.

அன்றைய கதையில் அவளுடைய உளவுக்காரி, ஒரு ஸ்விஸ் சப்மெஷின் கன்னை, அதாவது சின்ன இயந்திரத் துப்பாக்கியை, ரயிலில் எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டும்.

"கோட்டுக்குள்ள மறைச்சுக்கறேன்" என்றாள் அக்கா.

குறடு புத்தகத்தைப் புரட்டினான். "முடியாதுக்கா. அட்டவணையில போட்டிருக்கு. இதை உடம்புல மறைக்க முடியாது."

"இந்தத் துப்பாக்கியில தோட்டா போடற மேகசின் முன்பக்கமா மடங்கி குழாயோட ஒட்டிக்குமே. நீதானே சொன்னே? நல்ல தையல்காரி தச்ச கோட்டுன்னா மறையும்."

"அப்படின்னா தச்சுக் காட்டு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கரண்ட் கூரையைப் பார்த்தார். அக்கா பகடையை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை அவளை விடவில்லை. மறுநாள் காலையில், செல்போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒரு ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கடிதம் அனுப்பினாள். மேகசின் மடங்கும் அந்த ஸ்விஸ் துப்பாக்கி உங்களிடம் உண்டா, அதன் அளவு என்ன, ஒரு விளையாட்டுக்காகக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

பத்தாம் நாள் ஒரு நீளக் குழாய்ப் பார்சல் வந்தது. உள்ளே சுருட்டிய பழுப்புக் காகிதம். விரித்தால் துப்பாக்கி! மடித்த மேகசினோடு அப்படியே வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்திருந்தது. ஒன்றரை முழத்துக்குச் சற்று மேல். கூடவே, அருங்காட்சியகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி எழுதிய கடிதம்.

"பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். எத்தனை தோட்டா, எந்த வருஷம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கோட்டுக்குள் அடங்குமா என்று யாரும் கேட்டதில்லை. எனக்கே ஆசை வந்துவிட்டது. அனுமதி வாங்கி, என் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அக்குளுக்குக் கீழே நேராகத் தொங்க விடுங்கள். கனம் முழுக்கத் தோளுக்கு வரும். அங்கே இரட்டைத் துணி கொடுக்காவிட்டால் தையல் பிரிந்துவிடும்."

முன்பின் தெரியாத ஒருத்தி, எங்கேயோ ஒரு கிடங்கில், தனக்காகக் கோட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்! அக்கா கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு அலமாரியில் வெட்டாமலே கிடந்த சாம்பல் நிறக் கம்பளித் துணியை எடுத்து மேசைமேல் உதறினாள்.

முதல் நாள் இருபது நிமிஷம்தான் வெட்ட முடிந்தது. மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. அடுத்த நாள் அரை மணி. கரண்ட் பழுப்புக் காகிதத்தை வைத்துப் பலகையில் துப்பாக்கி அறுத்து, கனத்துக்கு இரும்பு நட்டுகளை முடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "பாத்துக்கா, வெடிச்சிடப் போவுது" என்று சிரித்தார். மூன்று வாரத்தில் கோட்டு முடிந்தது.

அந்த ஞாயிறு அவள், உள்ளே ஒரு கொக்கியில் பலகைத் துப்பாக்கி தொங்க, கோட்டைப் போட்டுக்கொண்டே க்ளினிக்குக்குள் நுழைந்தாள். குறடு எல்லைக் காவலனாகி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். ஒரு புடைப்பு கிடையாது. தோற்றுப்போனவன், நோயாளிகள் உட்காரும் நாற்காலியைக் காட்டினான்.

"உக்காருங்கம்மா."

அங்கேதான் வந்தது வினை. இடுப்பை மடக்கினால் பலகை தொடையில் இடித்தது. அவள் விறைப்பாக நின்றாள்.

"ஏம்மா, எட்டு மணி நேரப் பயணம். உக்கார மாட்டீங்களா?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மூலம் இருக்குங்க, ஐயா."

கரண்ட் மேசையில் தலையை வைத்துக் குலுங்கினார். குறடு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நம்பறானா பாப்போம், உருட்டு" என்றான். வலது கையாலேயே உருட்டினாள். நல்ல எண் விழுந்தது. காவலன் நம்பியதோடு நிற்கவில்லை, தன் மச்சானுக்கு எந்த மருந்தில் குணமானது என்றும் விளக்கிவிட்டுப் போனான். துப்பாக்கி எல்லை தாண்டியது.

குறடு விதிப் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினான்: "அக்கா தைத்தால் மறையும். உட்கார முடியாது."

கரண்ட் கிளம்பிய பிறகு தம்பி மெல்லச் சொன்னான். "அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன்கா. ரெண்டு நாள் தூக்கமே இல்ல."

"நீ வாய் தவறாம இருந்திருந்தா நான் இன்னும் சுவரைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். போடா" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவனுக்குக் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி கோட்டைக் கழற்றினாள்.

கிடங்குப் பெண்மணிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். மூலத்தையும் விடவில்லை. கடைசியில், "இந்தக் கையை மறுபடி வேலைக்கு அனுப்பியது உங்கள் காகிதம். கோட்டை உங்களுக்கே தர ஆசை. அளவு அனுப்புவீர்களா?" என்று கேட்டாள்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது: "சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இடுப்பளவைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் கிடங்கு ரொம்பக் குளிர்." கீழே பொடி எழுத்தில் அளவுகள் இருந்தன.

கோட்டின் உள்ளே இருந்த கொக்கியைப் பிரித்து, இடுப்பில் இரண்டு விரற்கடை தளர்த்தி, நெஞ்சுப் பக்கம் இரண்டு பைகள் வைத்துத் தைத்தாள். அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வரும் வழியிலேயே கடைக்குப் போனாள். ஷட்டர் துருப்பிடித்து அடம்பிடித்தது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகத் தூக்கித் திறந்தார்கள்.